பழைய பிளேயரை ஃபேன்ஸ் ஏன் இன்னும் கொண்டாடுறாங்கன்னு புரிஞ்சுக்கறது எப்படி

முதல்ல கோல் கணக்கை மூடி வைங்க. டச்சு ஃபுட்பால் பிளேயர் டென்னிஸ் பெர்க்காம்ப் 1995-ல இருந்து 2006 வரைக்கும் இங்கிலாந்து கிளப் ஆர்சனலுக்கு ஆடி அடிச்சது 120 கோல், அதே கிளப்ல ஆடின தியரி ஹென்றி 228, ஆனா பெர்க்காம்ப் பேரைச் சொன்னா பழைய ஃபேன்ஸ் முகமே மாறிடும்.

அப்புறம் 2002 மார்ச்ல நியூகாசில் டீமுக்கு எதிரா அவர் அடிச்ச கோலை ஸ்லோவா ஓட்டிப் பாருங்க, டீம்மேட் ராபர்ட் பிரெஸ் பாஸ் குடுக்கறார், பெர்க்காம்போட ஒரே டச்ல பந்து டிஃபெண்டருக்கு ஒரு பக்கம் போகுது இவர் மறுபக்கமா சுத்தி வந்து அவரை உடம்பால ஒதுக்கிட்டு அலட்டிக்காம உள்ள தள்றார். பாட்டு போட்ட எடிட் வீடியோ வேணாம், எரிச்சல்தான் வரும்.

கோலோட நிறுத்திடாதீங்க, பாஸையும் பாருங்க. 2001-ல இத்தாலி கிளப் யுவெண்டஸ் கூட ஆடினப்ப, டிஃபெண்டர்ஸ் சுத்தி நிக்க பந்தைக் காலடியிலேயே வச்சு திரும்பித் திரும்பி, டீம்மேட் யுங்பெரி ஓடி வர்ற வரைக்கும் காத்திருந்து குடுத்தாரே, அந்த பொறுமைதான் என்னைக் கேட்டா கிளாஸ்.

நேரம் இருந்தா ஒரு முழு மேட்ச் பாருங்க, பந்து இல்லாதப்ப அவர் எங்க நிக்கறார்னு மட்டும் கவனிங்க, ஹைலைட்ஸ்ல அது வரவே வராது.