மனம் சட்டென்று வாடினால் ஒரு வரி எழுதுங்கள்

மனநிலை திடீரென்று இறங்கும்போது, அதற்குச் சற்று முன் மனதில் ஓடிய வாக்கியத்தை அப்படியே தாளில் எழுதுங்கள். அப்புறம், கேமரா வைத்திருந்தால் எது பதிவாகியிருக்குமோ அந்தப் பகுதிக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். "மெசேஜைப் பார்த்தும் பதில் போடவில்லை, என்னை ஒதுக்குகிறாள்" என்பதில் முதல் பாதிக்குத்தான் கோடு விழும். மீதி நாம் சேர்த்தது. அதற்குப் பதிலாக இருக்கக்கூடிய வேறு இரண்டு காரணங்களையும் எழுதுங்கள். அவற்றை நம்பியே ஆக வேண்டும் என்றில்லை.

நடந்ததைவிட, நடந்ததற்கு மனம் கொடுக்கும் அர்த்தம்தான் பல நேரம் நம்மை வருத்துகிறது. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் இப்படித் தானாக ஓடும் எண்ணங்களைக் கவனித்துத்தான் தன் சிகிச்சை முறையை உருவாக்கினார். மனதுக்குள்ளேயே செய்து பார்த்தால் எண்ணம் நழுவி அடுத்ததற்குத் தாவிவிடும். தாளில் இருந்தால் "எப்பவும்", "யாருமே" போன்ற சொற்கள் பளிச்சென்று மாட்டிக்கொள்ளும் (பெரும்பாலும் வம்பு அங்கேதான்).

கோபமோ பதற்றமோ உச்சத்தில் இருக்கும்போது இது வேலை செய்யாது, கொஞ்சம் அடங்கட்டும். உறவை இழந்த துக்கம், கழுத்தை நெரிக்கும் கடன், வீட்டில் அடி உதை என்றால் கோடு எல்லா வரிக்கும் விழும். அங்கே தேவை ஆள் துணையும் உதவியும்தான். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தாளை எடுக்க வேண்டாம், உடனே யாரையாவது கூப்பிடுங்கள்.