ரோட்டரி வால்வு டக் டக் என்று அடிக்கிறதா? ரப்பரை மாற்றுங்கள்

வேலூர்ப் பக்கம் நான் பார்த்த பேண்டு செட்டுகளில் பெரும்பாலும் மேலும் கீழும் போகும் பிஸ்டன் வைத்த பித்தளை ஊது வாத்தியங்கள்தான், டிரம்பெட்டும் யூஃபோனியமும். சுழன்று காற்றின் வழியை மாற்றும் ரோட்டரி வால்வு என்றால் சர்ச்சில் பெட்டிக்குள் கிடக்கும் பிரெஞ்சு ஹார்ன், இல்லாவிட்டால் யாரோ கைமாற்றிய பழைய டியூபா. அதனால் ரிப்பேருக்கு ஆள் தேடி அலைவதைவிட இந்த ஒரு வேலையை நாமே கற்றுக்கொள்வது நல்லது.

லிவரை அழுத்தினால் உள்ளே இருக்கும் ரோட்டர் கால் சுற்று சுற்றி நிற்கிறது. அது எங்கே நிற்கவேண்டும் என்று முடிவு செய்வது இரண்டே இரண்டு ரப்பர் துண்டுகள் (பழைய வாத்தியத்தில் கார்க்). ரோட்டரோடு சேர்ந்து ஆடும் குட்டிப் பித்தளைக் கை, விரலை எடுத்திருக்கும்போது ஒன்றில் சாய்ந்திருக்கும், அழுத்தினால் மற்றதில் போய் இடிக்கும். ரப்பர் தேய்ந்தால் சத்தம் வரும், சரி, ஆனால் பெரிய கேடு அது இல்லை. ரோட்டர் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடும், துளையும் குழாயும் நேராகச் சேராது, ஊதினால் சளி பிடித்த மூக்கு மாதிரி நாதம் அடைக்கும்.

முதலில் லிவருக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் வால்வு மூடியைக் கையால் திருகிக் கழற்றுங்கள். வரவில்லையா, ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் சுற்றிலும் மெல்லத் தட்டுங்கள். பிளையர் போட்டுப் பிடித்தால் பித்தளை நசுங்கும். உள்ளே தட்டில் இரண்டு கோடும் நடு அச்சில் ஒரு கோடும் தெரியும். விரலை எடுத்தால் அச்சுக்கோடு ஒரு கோட்டோடு சேரவேண்டும், அழுத்தினால் இன்னொன்றோடு. இந்தக் கோடுதான் அளவு. காதை நம்பாதீர்கள்.

இனி லிவர் பக்கத்துக்கு வந்து பழைய ரப்பர் துண்டை ஊசியால் குத்தி வெளியே எடுங்கள். துண்டு உட்காரும் தகட்டைக் கழற்றவே வேண்டாம், லிவரையும் ரோட்டரையும் இணைக்கும் நூலையும் அவிழ்க்க வேண்டாம். பள்ளத்தில் ஒட்டியிருக்கும் பிசினைச் சுரண்டுங்கள். ஒவ்வொரு துண்டாகத்தான் மாற்றவேண்டும், இரண்டையும் சேர்த்துப் பிடுங்கினால் பித்தளைக் கை எங்கே நின்றது என்றே தெரியாமல் போய்விடும்.

எந்த ரப்பர்? ஆம்பூரிலிருந்து ஒருவர் கொண்டுவந்த செருப்பு அடி ஸ்பாஞ்சைப் போட்டுப் பார்த்தேன், சத்தம் நின்றது, ஆனால் கை அதில் இடித்துத் துள்ளியது. நியோப்ரீன் ரப்பர் கயிறு நல்லது. கிடைக்காவிட்டால் ஓ-ரிங் செய்யும் நைட்ரைல் கயிறு, எண்ணெய் பட்டாலும் ஊறாது. பள்ளத்தைவிடக் கொஞ்சம் தடிப்பாக இருக்கட்டும். இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் ரப்பர் மெலியும், அப்படியே பள்ளத்துக்குள் நுழைத்து விட்டுவிட்டால் பருத்துத் தானே இறுக்கிக்கொள்ளும். பசை வேண்டாம். மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருப்பதைப் புது பிளேடால் தகட்டோடு ஒட்ட வெட்டிவிடுங்கள்.

இப்போது கோட்டைப் பாருங்கள். புது ரப்பர் தடிப்பு என்பதால் அச்சு கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிடும், அப்படித்தான் நிற்கவும் வேண்டும். ரப்பரில் பித்தளைக் கை இடிக்கும் பக்கத்தைத் தாள் கனத்துக்குச் சீவுங்கள், லிவரை நாலைந்து தடவை அடியுங்கள், மறுபடி பாருங்கள், மறுபடி சீவுங்கள். காட்பாடியில் கல்யாண வாசிப்புக்கு முந்தைய ராத்திரி அவசரத்தில் ஒரே வெட்டாக வெட்டி, கோட்டைத் தாண்டிப் போய், நடு ராத்திரியில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

ரப்பர் மாற்றிய பிறகும் உலோகச் சத்தம் வந்தால் குற்றம் வேறு இடத்தில்: லிவர் இணைப்பு தளர்ந்திருக்கும், இல்லை அச்சே தேய்ந்திருக்கும். எண்ணெய் விடும்போது அச்சுக்கு ஒரு சொட்டு போதும், ரப்பரில் வழிந்தால் துடைத்துவிடுங்கள்.

சில பழைய வாத்தியங்களில் கோடே அழிந்துபோயிருக்கும். அந்த வால்வின் ஸ்லைடை (கழற்றி மாட்டும் வளைகுழாயை) உருவிவிட்டு, குழாய்க்குள் டார்ச் அடித்து லிவரை அழுத்திப் பாருங்கள். ரோட்டரின் விளிம்பு பிறை மாதிரி எட்டிப் பார்த்தால் இன்னும் சேரவில்லை. பிறை மறைந்து துளை வட்டமாகத் தெரியும் இடத்தில், இனி அழியாதபடி நீங்களே ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளுங்கள்.