ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவரோடு உட்கார்ந்து உங்கள் ஆப்பைச் சோதிப்பது எப்படி

ஆப் வெளியாக இரண்டு வாரம் இருக்கும்போதுதான் பெரும்பாலும் எனக்கு போன் வரும். "அக்கா, ஆக்சஸிபிலிட்டி டெஸ்ட் ஒண்ணு பண்ணித் தர முடியுமா?" பெருங்குடி, தரமணி பக்கம் இருக்கும் சின்னச் சின்ன டீம்கள். மாற்றுத்திறனாளிகளால் ஆப்பைப் பயன்படுத்த முடியுமா என்று தானாகச் சோதிக்கும் டூல் வைத்து ஓட்டியிருப்பார்கள், பச்சை டிக் வந்திருக்கும். அந்த டிக்கை மட்டும் நம்பி வெளியிடாதீர்கள் என்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். பட்டனுக்குப் பெயர் இருக்கிறதா என்று டூல் சொல்லிவிடும். அந்தப் பெயரைக் காதால் கேட்டு ஒருவர் டிக்கெட் எடுத்து முடிப்பாரா என்பது அதற்குத் தெரியாது. அது தெரிய வேண்டுமென்றால், தினமும் ஸ்கிரீன் ரீடரோடு (திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள்) போனைப் பயன்படுத்தும் ஒருவரோடு ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும். பயனர் ஆய்வே என் வேலை என்பதால், அதை எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வீட்டுப்பாடம்

ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் போய், ஆண்ட்ராய்டின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கை ஆன் செய்யுங்கள். வலப்பக்கம் விரலைத் தள்ளினால் அடுத்ததற்குப் போகும். இரண்டு முறை தட்டினால் அது திறக்கும். தொடங்க இந்த இரண்டும் போதும். டாக்பேக் மெனுவில் திரையை மறைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு, உங்கள் ஆப்பின் முக்கியமான ஒரு வேலையை முதலிலிருந்து கடைசி வரை செய்து பாருங்கள். எங்கெல்லாம் லேபிள் இல்லாத பட்டன் என்று சொல்கிறதோ, அதையெல்லாம் அன்றைக்கே சரிசெய்துவிடுங்கள். அப்புறம் எழுத்தின் அளவை உள்ளதிலேயே பெரியதாக வைத்து இன்னொரு முறை. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து இருந்தால் அதையும் மாற்றுங்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்பது இணைய அணுகலுக்கான சர்வதேச வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி.யின் விதி.

இணைய அணுகலுக்காக இயங்கும் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களை ஆராய்கிறது. 2025-இல் 94.8 சதவீதப் பக்கங்களில் தானியங்கிச் சோதனையிலேயே மாட்டும் குறைகள் இருந்தன. அதிகம் காணப்பட்டது மங்கலான எழுத்து. இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரு மனிதரை வரவழைப்பது அவருடைய நேரத்தை வீணடிப்பது.

தமிழ் ஆப் என்றால் வேலை கொஞ்சம் கூடுதல். பக்கத்தின் மொழி தமிழ் என்று புரோகிராம் கோடில் சொல்லியிருக்கிறீர்களா? பல தளங்களில் டெம்ப்ளேட்டோடு வந்த ஆங்கிலம் அப்படியே கிடக்கும். ஸ்கிரீன் ரீடர் அதை நம்பி ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டால், தமிழ் வரியைச் சில குரல்கள் தாண்டிப் போய்விடும், சில கடித்துத் துப்பும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய சுற்றறிக்கையை பிடிஎஃப் ஆக்கி ஏற்றினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், காதுக்குத் துண்டு துண்டான ஆங்கில எழுத்துகள்தான் வரும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறச் சொல்லி தமிழ்நாடு அரசு 2010-லேயே சொல்லிவிட்டது. அப்படியும் இந்தக் கோப்புகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எண்களையும் கவனியுங்கள்: பத்து இலக்க மொபைல் எண்ணைச் சில குரல்கள் கோடிக்கணக்காக வாசிக்கும். அதைக் கேட்டு எண் சரியா என்று யாரால் சரிபார்க்க முடியும்?

யாரை அழைப்பது

ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது எல்லா டீமுக்கும் மனப்பாடம். ஒரே மாதிரிப் பயனர்கள் என்றால்தான் அந்தக் கணக்கு என்பதை மறந்துவிடுகிறார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர் போனைப் பிடிக்கும் விதம் வேறு. சர்க்கரை நோயால் ஐம்பது வயதில் பார்வை குறைந்தவர் வேறு, அவர் இன்னும் கண்ணால்தான் பார்க்க முயல்வார், எழுத்தைப் பெரிதாக்கி மூக்கருகே வைத்துக்கொள்வார். ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று பேராவது வேண்டும். ஐவரையும் ஒரே கல்லூரி நண்பர் வட்டத்திலிருந்து பிடிக்காதீர்கள்.

சென்னையில் கோட்டூர்புரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் வித்யாசாகர், முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் போன்ற இடங்களுக்கு முறையாகக் கடிதம் எழுதிக் கேட்கலாம். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது. அங்கே படித்துக்கொண்டிருப்பவரிடம் போய் நேராகக் கேட்காதீர்கள், பொறுப்பாளர் மூலம் கேளுங்கள். மற்றப் பயனர்களுக்கு என்ன தொகை கொடுப்பீர்களோ அதே தொகை, கூடவே போக்குவரத்துச் செலவு. "சமூக சேவைதானே" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் தன் அறிவையும் நேரத்தையும் தருகிறார். முடிந்தால் நீங்களே அவர் இருக்கும் இடத்துக்குப் போங்கள். பூந்தமல்லியிலிருந்து இரண்டு பஸ் மாறி, தோண்டிப் போட்ட ஓ.எம்.ஆர். நடைபாதையைக் கடந்து உங்கள் ஆபீஸுக்கு வந்து சேர்ந்தவர் களைத்துப்போயிருப்பார். அப்போது நீங்கள் சோதிப்பது அந்தக் களைப்பையும் சேர்த்துத்தான்.

உட்காரும்போது

அவருடைய சொந்த போனிலேயே சோதியுங்கள். குரலின் வேகம், பழகிய கீபோர்டு, ஓரத்தில் உடைந்த ஸ்கிரீன் கார்டு எல்லாம் அதில்தான் இருக்கும். குரல் உங்களுக்குப் புரியாத வேகத்தில் ஓடும். குறைக்கச் சொல்லாதீர்கள். முதல் முறை அவர் வேகத்திலேயே முடிக்கட்டும், இரண்டாம் முறை வேகத்தைக் குறைத்துத் திரும்பச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒலிப்பதிவு செய்வதானால் எதற்கு, யார் கேட்பார்கள் என்று சொல்லி முன்பே அனுமதி வாங்குங்கள்.

"முன்பதிவு பட்டனை அழுத்துங்க" என்று சொன்னால் பாதி விடையை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். "நாளைக்குக் காலையில எழும்பூர்லேருந்து மதுரை போகணும், ஒரு சீட் எடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்வது ஐபிஎம்மில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1980-களில் புகுத்திய நல்ல முறைதான். ஆனால் காதில் ஒரு குரல் பேசிக்கொண்டிருக்கும்போது வாயும் பேசினால் இரண்டும் கெட்டுப்போகும். ஒவ்வொரு வேலையும் முடிந்த பிறகு, "அந்த இடத்துல நின்னீங்களே, என்ன கேட்டுச்சு?" என்று கேளுங்கள். போனில் கை வைக்காதீர்கள். "மேலே வலது மூலையில் இருக்கு பாருங்க" என்று உதவாதீர்கள். மௌனம் நீளும்போது உங்களுக்குக் கை பரபரக்கும். அந்த மௌனத்தில்தான் அவர் தன் வழியைத் தேடுகிறார். நீங்கள் பார்க்க வந்ததே அதைத்தான்.

பெரம்பூர்க்காரர் ஒருவர் ஒரு பயண ஆப்பில் ஓடிபி திரைக்கு வந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஆறு இலக்கத்துக்கு ஆறு பெட்டி. ஒவ்வொன்றிலும் டாக்பேக் "திருத்தும் பெட்டி" என்று மட்டும்தான் சொன்னது, எத்தனையாவது பெட்டி என்று இல்லை. கூடவே ஒரு டைமர். ஒவ்வொரு விநாடியும் "இருபத்தொன்பது, இருபத்தெட்டு" என்று அறிவித்துக்கொண்டே இருந்தது. எஸ்எம்எஸ் வந்தது. டாக்பேக் எண்ணை வாசிக்க ஆரம்பித்ததும் டைமர் அதன் மேல் ஏறிப் பேசியது. அவர் செய்திக்குப் போய் எண்ணை மனப்பாடம் செய்து திரும்பி வந்து மூன்றாவது பெட்டியில் தட்டும்போது நேரம் முடிந்துவிட்டது. அந்த ஆப்பும் டூலில் தேறியதுதான். ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் இருந்தது, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்.

திருத்தம் கடினமாக இல்லை. ஆறு பெட்டிக்குப் பதில் ஒரே பெட்டி, போன் தானாக நிரப்பும்படியும் ஒட்டும்படியும். டைமர் தொடக்கத்திலும் கடைசிப் பத்து விநாடியிலும் மட்டும் பேசும். நேரத்தை நீட்டிக்க ஒரு பட்டன். நேரத்தைக் கூட்ட வழி வேண்டும் என்பது டபிள்யூ.சி.ஏ.ஜி.யில் பழைய விதி. உள்நுழையும்போது நினைவாற்றலைச் சோதிக்கக் கூடாது என்பது 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பில் சேர்ந்தது.

பணம் கட்டிய பிறகு வரும் திரையையும் தவறாமல் சோதியுங்கள். பச்சை டிக் சுழன்று மறையும், ஒரு வார்த்தை பேசாது. பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் அவர் மறுபடி கட்டிவிடுவார். "பணம் செலுத்தப்பட்டது, 240 ரூபாய்" என்று திரை தானாகவே சொல்ல வேண்டும்.

டீமிடம் கொண்டுபோவது

ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பயன்பாட்டு எளிமையை அளக்கும் பத்துக் கேள்வி எஸ்.யு.எஸ். பட்டியலைக் கேட்டு மதிப்பெண் போடச் சொல்வார்கள். ஐந்து பேருக்கு அந்த எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அதற்குப் பதில் ஒவ்வொரு சிக்கலுக்கும் நான்கு வரி எழுதுங்கள்: என்ன செய்ய நினைத்தார், எங்கே நின்றார், காதில் விழுந்தது என்ன (சொல்லுக்குச் சொல்), என்ன விழுந்திருக்க வேண்டும். வேலையையே நிறுத்திய சிக்கல்களை முதலில் வையுங்கள். அனுமதி இருந்தால் ஓடிபி திரையின் ஒலியைச் சில விநாடி டெவலப்பர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். அதற்கப்புறம் நீங்கள் வாதாட வேண்டியிருக்காது.

பட்ஜெட் இல்லை என்று மேலிடம் சொன்னால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஐயும், 2025 ஏப்ரல் 30 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் மேசையில் வையுங்கள். கண் சிமிட்டினால்தான் ஏற்கும் கேஒய்சி முறையை (வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது) எதிர்த்து, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் போட்ட வழக்குகள் அவை. டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. டிஜிட்டல் அணுகலுக்கான இந்தியத் தர நிர்ணயமாக ஐ.எஸ். 17802-உம் இருக்கிறது.

திருத்தம் முடிந்ததும் தடுமாறிய அதே நபரிடம் ஒரு முறை, ஆப்பையே பார்த்திராத புதியவரிடம் ஒரு முறை சோதியுங்கள். பழையவர் பழகிய வழியில் போய்விடுவார், புதியவர்தான் மீதியைக் காட்டுவார். இருவருக்கும் அதே தொகை. எந்தப் பதிப்பில் அவர் சொன்னது மாறியது என்று போன் போட்டுச் சொல்லுங்கள், அடுத்த முறை கூப்பிட்டால் வருவார்.