கழுத்துத் தண்டுவட நோயாளியைக் குழுவாகப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிப்போர்ட்டைத் தொலைப்பது மாதிரியான தவறுகள் போகப்போகச் சரியாகிவிடும். கழுத்தில் தண்டுவடம் நசுங்கும் நோயில், புதிதாக வரும் பிசியோக்களும் டியூட்டி டாக்டர்களும் திரும்பத் திரும்பச் செய்வதில், நோயாளியின் நடையையே பறித்துவிடுகிற தவறுகள் இவை.

கை ஒருவருக்கு, கால் ஒருவருக்கு, மூத்திரம் இன்னொருவருக்கு

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அறுபது வயதுக்காரர், நாள்பட்ட சுகர். விரல் மரத்துப்போனதற்கு "சுகர் நரம்பு" என்று பி12 மாத்திரை. நடை தள்ளாடியதற்கு இடுப்பு எம்.ஆர்.ஐ. மூத்திரத்தை அடக்க முடியாததற்குப் புராஸ்டேட் மாத்திரை. மூன்று சீட்டும் ஒரே மஞ்சள் பையில்தான் இருக்கின்றன. சேர்த்து வாசித்தவர்தான் இல்லை. தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்புக்கருகே முடிந்துவிடுகிறது. தேய்ந்த டிஸ்க்கோ எலும்பாகிப்போன தசைநாரோ கழுத்தில் அதை நெரித்தால் இடுப்புப் படத்தில் எப்படித் தெரியும்?

சட்டைப் பொத்தான் போடச் சொல்லிப் பாருங்கள். செருப்பு கழன்றது தெரிகிறதா, கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளுகிறதா என்று கேளுங்கள். 10 விநாடிக்குக் கையை மூடித் திறக்கச் சொல்லி எண்ணுங்கள். 20-க்குக் குறைந்தால் சந்தேகப்படுங்கள். நடுவிரல் நகத்தைச் சுண்டினால் கட்டைவிரல் மடங்குகிறதா? மடங்கினாலும் சந்தேகப்படுங்கள். சுகர் நரம்பில் கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் (சுத்தியலால் தட்டினால் தானாக வரும் அசைவு) மங்கும். தண்டுவடம் நசுங்கினால் கால் ரிஃப்ளெக்ஸ் துள்ளும். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம், அதனால் சுகரைக் காட்டிக் கழுத்தை விட்டுவிடாதீர்கள். கண்டது நர்ஸானாலும் பிசியோவானாலும் அன்றே சர்ஜனுக்குப் போன் போக வேண்டும்.

எம்.ஆர்.ஐ. பார்க்காமல் கழுத்தை இழுப்பது, நெட்டி எடுப்பது

கூடவே கூடாது.

கேஸ் ஷீட்டில் "பரவாயில்லை" என்று எழுதுவது

எம்ஜேஓஏ (mJOA) மதிப்பெண் எழுதுங்கள்; கை, கால், மூத்திரம் எவ்வளவு பாதித்திருக்கிறது என்பதை எண்ணில் சொல்லும் அளவுகோல் அது. மொத்தம் 18, 15–17 லேசு, 12–14 நடுத்தரம், 11-ம் அதற்குக் கீழும் தீவிரம். நடுத்தரம், தீவிரம் இரண்டுக்கும் அறுவைசிகிச்சைதான் பரிந்துரை. லேசு என்று காத்திருந்தால் வருகிறபோதெல்லாம் மதிப்பெண் போடுங்கள். இறங்கினால் சர்ஜனிடம் அனுப்புங்கள். அதில் ஸ்பூனால் சாப்பிட முடிகிறதா என்றிருக்கும் கேள்விக்குப் பதிலாக, சோறு பிசைந்து சாப்பிட முடிகிறதா என்று கேளுங்கள்.

ஆபரேஷனோடு குழு கலைவது

ஆபரேஷனின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் தடுப்பது. நடையையும் கைவேலையையும் மீட்கப் பயிற்சி வேண்டும். சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமோ வீட்டருகே பிசியோவோ, டிஸ்சார்ஜுக்கு முன்பே தேதி வாங்குங்கள். மூத்திரம் போனபின் எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேனில் பாருங்கள். அவ்வப்போது டியூப் போட்டு எடுக்க வேண்டியவருக்கு 4–6 மணி நேரத்துக்கு ஒருமுறை; ஒரு தடவைக்கு 500 மி.லி. தாண்டக்கூடாது. எழ முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, வால் எலும்பையும் குதிகாலையும் பாருங்கள். வீட்டில் இதையெல்லாம் செய்யப்போவது மகளா மருமகளா என்று கேட்டு, அவர் கையாலேயே வார்டில் ஒருமுறை செய்யவைத்து அனுப்புங்கள்.