வாக்கிங்குக்குன்னு தனியா டைம் தேடாதீங்க: வேலூர்ல இருந்துகினே தினமும் கூடுதலா நடக்க நான் பண்றது

சாத்துவாச்சாரில இருந்து லாங்கு பஜார் பக்கம் ஒரு துணிக்கடைக்கு பில்லிங் வேலைக்கு போறவ நான். காலைல பத்து மணிக்கு சேர்ல உக்காந்தா ராத்திரி எட்டு வரைக்கும் எழுந்திருக்கறது சாப்பாட்டுக்கும் பாத்ரூமுக்கும் மட்டும்தான். ரெண்டு வருஷம் முன்னாடி சுகர் பார்டர்ல இருக்கு, தினம் வாக்கிங் போங்கம்மான்னு டாக்டர் சொன்னாங்க. எப்போ போறது? விடிகாலைல எழுந்தா தண்ணி பிடிக்கணும், டிபன் கட்டணும், அம்மாவுக்கு மாத்திரை குடுக்கணும், சாயங்காலம் வீடு வந்து சேரவே எட்டரை ஆவுது. மூணு தடவை அலாரம் வெச்சு ஆரம்பிச்சு மூணு தடவையும் பத்து நாள்ல விட்டுட்டேன். அப்புறம்தான் ஒண்ணு புரிஞ்சுது, நடக்கறதுக்குன்னு தனியா ஒரு மணி நேரம் ஒதுக்கறது எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஒத்து வராது, ஏற்கனவே போயே ஆவணும்னு இருக்கற வேலைங்க கூட நடையை முடிச்சு போட்டுட்டா அது தானா நடந்துடும். பால், பஸ், காய், போன், இதுங்க எதையும் நாம விடப்போறதில்ல இல்லையா, அதான் விஷயம்.

ஒரே மூச்சா நடந்தாதான் கணக்குன்னு நிறைய பேர் நெனச்சுகினு இருக்காங்க. அப்படி இல்ல. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் கொஞ்சம் வேகமான நடை மாதிரி உழைப்பு வேணும்னு சொல்லுது. முன்னல்லாம் ஒரு தடவைக்கு 10 நிமிஷமாவது சேர்ந்தாப்ல இருக்கணும்னு இருந்துச்சு, 2020ல வந்த வழிகாட்டுதல்ல அந்த கண்டிஷனயும் எடுத்துட்டாங்க, அஞ்சு நிமிஷ நடையும் சேரும். வேகம்னா எவ்ளோன்னா பேச முடியணும், பாட முடியக்கூடாது, அவ்ளோதான், மெஷின் ஒண்ணும் தேவையில்ல.

மொதல்ல ஒரு வாரம் எதையும் மாத்தாதீங்க. போனை கைப்பைலயோ ஜாக்கெட் பக்கத்துலயோ வெச்சுகினு சும்மா எவ்ளோ ஸ்டெப் வருதுன்னு பாருங்க. எனக்கு 2,300 தான் வந்துச்சு, மனசு கஷ்டமா போச்சு. அப்புறம் அந்த 10,000 ஸ்டெப் கணக்கை பாத்து பயப்படாதீங்க, அது எந்த டாக்டரும் எழுதி குடுத்தது இல்ல, 1965ல ஜப்பான்ல வித்த ஒரு ஸ்டெப் எண்ற மெஷினோட பேரே 'பத்தாயிரம் அடி மீட்டர்'னு அர்த்தம் வர மாதிரி இருந்துச்சு, அதுல இருந்து உலகம் பூரா பரவிடுச்சு. அமெரிக்கால வயசான பொம்பளைங்கள வெச்சு பண்ண ஆராய்ச்சி ஒண்ணு 2019ல வந்துச்சு, அதுல தினம் 2,700 நடந்தவங்கள விட 4,400 நடந்தவங்களுக்கே சாவு ரிஸ்க் நல்லா குறைஞ்சிருந்துச்சு, 7,500 வாக்குல அதுக்கு மேல பெரிய வித்தியாசம் இல்ல. அதனால இப்போ எவ்ளோ நடக்கறீங்களோ அது கூட 500, ஆயிரம்னு ஏத்துங்க போதும். பத்து நிமிஷம் நடந்தா சுமாரா ஆயிரம் ஸ்டெப் வரும்.

இந்த ஏத்தற விஷயத்துல நான் பண்ண தப்பை நீங்க பண்ணாதீங்க. ஆர்வத்துல மொத வாரமே ரப்பர் செருப்போட தினம் ஏழெட்டு கிலோமீட்டர் நடந்தேன், ஒன்பதாவது நாள் காலைல கட்டில்ல இருந்து கால கீழ வெச்சா குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி வலி, செவுத்த பிடிச்சுகினுதான் பாத்ரூமுக்கே போனேன். மூணு வாரம் எல்லாமே நின்னுபோச்சு. ஒரு வாரத்துக்கு ஒரு ஆயிரத்துக்கு மேல ஏத்தாதீங்க.

இப்போ பஸ்ஸுக்கு வரேன், எனக்கு பெரிய மாத்தம் குடுத்ததே இதுதான். 2021ல இருந்து சாதா டவுன் பஸ்ல நம்ம பொம்பளைங்களுக்கு காசு இல்ல இல்லையா, அதனால நடுவுல இறங்கி நடக்கறதுக்கு நமக்கு ஒரு பைசா நஷ்டம் இல்ல, கால் வலிச்சா அடுத்த ஸ்டாப்ல வேற பஸ்ல ஏறிக்கலாம், அதுக்கும் காசு இல்ல. இத யோசிச்சு பாத்த அன்னிக்கே நான் பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போறத விட்டுட்டு காகிதப்பட்டறையிலயே இறங்க ஆரம்பிச்சேன். அங்கருந்து கடைக்கு எனக்கு அரை மணி நேரம் கிட்ட ஆவுது, சிஎம்சி ஆஸ்பத்திரி முன்னாடி ஜனமும் ஆட்டோவும் நெருக்கற நேரம்னா இன்னும் கொஞ்சம் கூட. மொத மாசம் தினம் போவாதீங்க, வாரத்துல மூணு நாள் ஒரு ஸ்டாப் முன்னாடி, அப்புறம் அஞ்சு நாள், அப்புறம் ரெண்டு ஸ்டாப்னு போங்க. வீட்ல இருந்து பதினஞ்சு நிமிஷம் முன்னாடி கிளம்பணும், அதுக்கு நான் ராத்திரியே புடவையையும் பையையும் எடுத்து வெச்சுடறேன். ஆம்பளைங்க டிக்கெட் எடுக்கறவங்க, உங்களுக்கு ஸ்டேஜ் பாத்து இறங்கினா காசும் மிச்சமாவும்.

பஸ்ல ஏறினா உக்கார இடம் தேடாதீங்கன்னும் சொல்லுவேன், முடியறவங்களுக்கு மட்டும். லண்டன்ல ஜெர்ரி மாரிஸ்னு ஒரு டாக்டர் பஸ் டிரைவரையும் கண்டக்டரையும் ஒப்பிட்டு பாத்து 1953ல எழுதினாரு, நாள் முழுக்க உக்காந்துகினு ஓட்டற டிரைவருங்களுக்கு ஹார்ட் வியாதி அதிகம், மாடி பஸ்ல ஏறி இறங்கி டிக்கெட் குடுத்த கண்டக்டருங்களுக்கு கம்மி. அந்த ரெண்டு பேரும் ஒரே பஸ்ல, ஒரே ஊர்ல, ஒரே டிப்போல வேலை பாத்தவங்க. பில்லிங் சேர்ல உக்காந்துகினு இத படிச்சப்போ எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு.

கடைல உக்காந்து வேலை செய்யறவங்களுக்கு ஒரு சின்ன வழி: ரெண்டு லிட்டர் பாட்டில வீட்ல விட்டுட்டு ஒரு சின்ன டம்ளர் வெச்சுக்கோங்க. தண்ணி வேணும்னா எழுந்து போயே ஆவணும், குடிச்சா பாத்ரூமுக்கும் போயே ஆவணும். எங்க கடைல மாடில ஒரு பாத்ரூம் இருக்கு, நான் அதுக்குதான் போறேன்.

வீட்டுல இருக்கற ஸ்கூட்டிதான் நம்ம நடைய சாப்டுது, இத நான் வருத்தத்தோட சொல்றேன். கொத்தமல்லி வாங்க, மாவு வாங்க, தெரு முனைக்கு, எல்லாத்துக்கும் வண்டி. எங்க வீட்ல ஒரு கிலோமீட்டருக்குள்ளன்னா சாவிய தொடறதில்லன்னு பேசி வெச்சிருக்கோம், சாவிய வாசல் ஆணில இருந்து எடுத்து உள் ரூம் பீரோல மாத்திட்டேன், வாசல்ல இப்போ துணிப்பையும் செருப்பும்தான். மொத நாள் நடந்து போனப்போ காய்க்கார அம்மா "இன்னா அக்கா, வண்டி இன்னா ஆச்சு, நடந்து வந்துகினு கீற"ன்னு கேட்டாங்க. தெரிஞ்சவங்க வண்டிய நிறுத்தி ஏறிக்கோன்னு சொல்லுவாங்க, பாசத்துலதான் சொல்றாங்க, "இல்லப்பா, டாக்டர் நடக்க சொல்லிருக்காரு"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாலு நாள்ல ஊருக்கே தெரிஞ்சுடும், அப்புறம் யாரும் நிறுத்த மாட்டாங்க.

காயை வாரத்துக்கு ஒரு தடவை மூட்டையா வாங்கி பிரிட்ஜ்ல அடைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை நேதாஜி மார்க்கெட் போனா வெங்காயம், உருளை மாதிரி கனமானத மட்டும் வாங்குங்க, கீரை, தக்காளி, முள்ளு கத்திரிக்காய் இதெல்லாம் அன்னன்னிக்கு தெருவுல. ரெண்டு கைக்கும் ரெண்டு பை, எடைய சமமா பிரிச்சு, இல்லனா ஒரு பக்கம் தோள் இழுக்கும். பாலும் அப்படித்தான், பாக்கெட் போடற பையன நிறுத்திட்டு நானே காலைல ஆறு மணிக்கு பூத்துக்கு போறேன், போய் வர பன்னண்டு நிமிஷம்.

வெயில். நம்ம ஊர் வெயிலுக்கு யாரும் விளக்கம் சொல்ல தேவையில்ல, கோடைல 40 டிகிரிக்கு மேல போறதும், சுத்தி இருக்கற பாறை மலைங்க ராத்திரி வரைக்கும் அனலடிக்கறதும் நமக்கு பழக்கம்தான். ஆனா மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும் காலைல ஏழரைக்குள்ள, சாயங்காலம் ஆறுக்கு மேல, இதுதான் நேரம், நடுவுல வீராப்பு வேணாம். அக்னி நட்சத்திரம் ஓடறப்போ நான் காகிதப்பட்டறையில இறங்கறதில்ல, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு அந்த நடைய ராத்திரிக்கு தள்ளிடறேன். காட்டன் துணி, குடை, கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் மோர். தலை சுத்தினா நிழல் பாத்து உக்காந்துடுங்க.

ராத்திரி நடை மொட்டை மாடில. இதுல எங்க அம்மாதான் எனக்கு குரு. 71 வயசு, போன்ல ஸ்டெப் பாக்கறதெல்லாம் அவங்களுக்கு பிடிக்காது. கைப்பிடி செவுத்து மேல ரெண்டு எவர்சில்வர் டம்ளர் வெச்சு ஒண்ணுல புளியங்கொட்டை போட்டுகினு, ஒரு சுத்து முடிஞ்சா ஒரு கொட்டைய எடுத்து அடுத்த டம்ளர்ல டிங்குன்னு போடுவாங்க, நான் கீழ சமையல்கட்டுல பாத்திரம் கழுவறப்பவே அந்த சத்தம் கேக்கும். எங்க மாடி சுத்தளவ டேப் வெச்சு அளந்தோம், 34 மீட்டர், அப்போ 30 கொட்டை போட்டா ஒரு கிலோமீட்டர். ஆரம்பத்துல எட்டு கொட்டைதான் முடிஞ்சுது அவங்களுக்கு. பாதி ஆனதும் எதிர்பக்கமா திரும்பி சுத்துங்க, ஒரே பக்கமா திரும்பிகினே இருந்தா ஒரு முட்டிக்கே பாரம் போவுது, அம்மாவுக்கு இடது முட்டி வலி குறைஞ்சது இப்படி மாத்தின அப்புறம்தான். பெங்களூர்ல இருக்கற என் பொண்ணு ராத்திரி போன் பண்ணுவா, அந்த போனை நான் உக்காந்து பேசறதே இல்ல, மாடிதான், அவ கதை சொல்லி முடிக்கறதுக்குள்ள இருவது நிமிஷம் ஓடிடும்.

சாப்பிட்ட உடனே டிவி முன்னாடி உக்காராம பத்து பதினஞ்சு நிமிஷம் மெதுவா நடந்தீங்கனா சுகருக்கு ரொம்ப நல்லது. கால் சதை வேலை செய்யறப்போ ரத்தத்துல இருக்கற சர்க்கரைய தானே இழுத்துக்குது, சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறற ஏத்தம் கம்மியாவுது. மூணு வேளையும் முடியலனா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமாவது நடங்க. சுகர் மாத்திரையோ இன்சுலினோ போடறவங்க பைல ரெண்டு மிட்டாய் வெச்சுக்கோங்க, கை நடுங்கி வேர்த்துச்சுனா உடனே வாயில போட.

ரயிலுக்கு காட்பாடில காத்திருக்கற நேரத்தையும் விடாதீங்க. ஒரு கோச் கிட்டத்தட்ட 24 மீட்டர், 22 கோச் வண்டி நிக்கற பிளாட்பாரம்னா அரை கிலோமீட்டருக்கு மேல, ஒரு தடவை போய் வந்தா ஒரு கிலோமீட்டர் தாண்டிடும். லக்கேஜ் பாத்துக்க கூட ஒருத்தர் இருந்தா மட்டும். ஸ்ரீபுரம் தங்கக்கோயில் போனா அந்த நட்சத்திர பாதையே 1.8 கிலோமீட்டர் கிட்ட வரும். லீவு நாள்ல பசங்கள கூட்டிகினு கோட்டைக்கு போங்க, 133 ஏக்கர், காலைல நடக்கறவங்க நிறைய பேர் இருக்கறதால பொம்பளைங்க தனியா போவவும் பயமில்ல, முடிச்சுட்டு ஜலகண்டேஸ்வரர கும்புட்டு வரலாம். ரொம்ப காலம் மூலவர் இல்லாம இருந்த கோயில், எங்க சாத்துவாச்சாரில வெச்சிருந்த லிங்கத்த 1981ல அங்க கொண்டுபோய் வெச்சாங்க, அம்மா அத இன்னும் பெருமையா சொல்லுவாங்க.

செருப்புக்கு காசு பாக்காதீங்க. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு வெளிநாட்டுக்கு ஷூ தைக்கற ஊருங்க நம்மள சுத்தி இருக்கு, நாம மட்டும் தேஞ்ச ரப்பர் செருப்புல நடக்கறோம். பின்னாடி வார் இருக்கறதா வாங்குங்க, இல்லனா செருப்பு கழண்டுடாம விரலால பிடிச்சுகினே நடக்கணும். சாயங்காலம் போய் வாங்குங்க, அப்போ கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், சரியான சைஸ் தெரியும். சுகர் இருந்து பாதம் மரத்துப் போனவங்க வெறுங்கால்ல நடக்கவே கூடாது, கோயில் பிரகாரத்து கல்லு சூட்டுல வெந்து போனாக்கூட தெரியாது. வலி தெரியாததாலதான் புண்ணு வருதுன்னு தொழுநோயாளிங்க கால் கைய வெச்சு கண்டுபிடிச்சவரு டாக்டர் பால் பிராண்ட், 1946ல வேலூர் வந்து இங்கதான் அந்த வேலைய பண்ணாரு. அப்படிப்பட்ட காலுக்கு போடற மெத்து மெத்துன்னு இருக்கற செருப்ப எம்சிஆர் செருப்புன்னு கேளுங்க. தினம் ராத்திரி உள்ளங்கால கண்ணாடில பாத்துட்டு படுங்க.

ரோட்டுல நடைபாதை இருக்கற எடத்துலயும் கடை, பைக், போர்டுன்னு இருக்கறதால கீழ இறங்கிதான் நடக்கணும், அதுக்கு எதிர்ல வர வண்டி கண்ணுக்கு தெரியற மாதிரி வலது பக்கமா நடங்க. காதுல ஹெட்போன் வேணாம். நாய் துரத்தினா ஓடாதீங்க, நின்னு, கண்ண பாக்காம மெதுவா நகருங்க.

பௌர்ணமிக்கு திருவண்ணாமலை கிரிவலம் போறவங்களுக்கு ஒண்ணு. 14 கிலோமீட்டர், வெறுங்கால். மாசம் பூரா உக்காந்துகினு இருந்துட்டு ஒரே ராத்திரில அத நடந்தா கொப்புளம்தான். தினம் நாலஞ்சு கிலோமீட்டர் பழகினவங்களுக்கு அது சுகமா இருக்கும், போன தை மாசம் நான் அப்படித்தான் முடிச்சேன், மலைய பாத்துகினே நடந்தேன், அழுகையே வந்துடுச்சு.

நடக்கறப்போ நெஞ்சுல அழுத்தம், இடது கை, தாடை வலி, வழக்கத்துக்கு மேல மூச்சு வாங்கினா நடைய அங்கயே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு போங்க, கேஸ்னு சொல்லி சோடா குடிச்சுகினு இருக்காதீங்க.

கல்யாணம், காய்ச்சல், மழைன்னு நடுவுல விட்டுப்போவும், எனக்கும் போன ஐப்பசில பன்னண்டு நாள் போச்சு. திரும்ப ஆரம்பிக்கறப்போ பழைய கணக்குல பாதி போதும், ஒரு வாரம் அதுலயே இருந்துட்டு ஏத்துங்க. எங்க அம்மா காய்ச்சல் விட்டதும் டம்ளர்ல பன்னண்டு கொட்டைய மட்டும் எண்ணி போட்டுகினு மாடி ஏறினாங்க, மீதிய ஒரு துணில முடிஞ்சு ஜன்னல்ல வெச்சுட்டு.