‘ப… ட… இம்’: குழந்தைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்து வீட்டுச் சிறுமி ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பாடப்புத்தகத்தை விரித்து ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசித்துக் காட்டினாள். அதே பக்கத்திலிருந்து ஒரே ஒரு சொல்லைத் தனிக் காகிதத்தில் எழுதி நீட்டினேன். விழித்தாள். பக்கம் முழுவதும் மனப்பாடம்!

ஒப்பிப்பதை வாசிப்பு என்று நம்பிவிடுவதுதான் பெற்றோர் பலரும் செய்யும் முதல் தவறு. ‘பறவை’ என்று அச்சாகியிருக்கும், படத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தை ‘குருவி’ என்னும், நாமும் தலையாட்டிவிடுவோம். படத்தைக் கையால் மறைத்துக் கேளுங்கள். ‘மடப்’, ‘டபம்’ என்று பொருளே இல்லாத ஒன்றை எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அதை ஊகிக்க முடியாது, எழுத்தைப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

247 எழுத்தும் முடிந்த பிறகுதான் சொல் என்று காத்திருப்பதும் வேண்டாத வேலை. ப, ட, ம மூன்றோடு ‘ம்’ தெரிந்தால் அன்றைக்கே படம், மடம் வாசிக்கலாம். ‘ட்’ சேர்ந்தால் பட்டம், மட்டம். நெடுங்கணக்கைப் பாட்டாகப் பாடட்டும், அழகுதான். ஆனால் பாடத் தெரிவது வேறு.

எனக்கு அதிகம் உறுத்துவது ‘இம்’. மெய்யெழுத்துகளை இக், இங், இச் என்றே சொல்லிப் பழக்குகிறோம். குழந்தை ‘ப, ட, இம்’ என்று எழுத்துக்கூட்டி, கடைசியில் ‘படயிம்’ என்று சேர்க்கிறது. நாம் சொல்லிக்கொடுத்ததைத்தானே அது செய்கிறது? ‘இம்’ என்பது பெயர். ஒலி, உதட்டை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்பது. பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். க், ட், ப் போன்ற வல்லின மெய்களை அப்படி நீட்டிச் சொல்ல வராது. அவற்றை முன்னெழுத்தோடு ஒட்டிச் சொல்லவைக்க வேண்டும்: பட், டம், பட்டம். இரண்டு கைத்தட்டில் முடிந்துவிடும்.

கெ, கே, கொ, கோ எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவதோ க. இந்தத் தலைகீழ் பழகவே சில நாள் ஆகும். துணைக்கால் நன்றாகப் படிந்த பிறகு ஒற்றைக்கொம்பு, அது கைவந்தபின் இரட்டைக்கொம்பு, இரண்டு பக்கமும் குறி வரும் கொ, கோ அதற்கும் பிறகு. கு, சு, து, பு என்று உகரம் எழுத்துக்கு எழுத்து உருமாறுவதால் அதற்கும் தனியே நாள் ஒதுக்குங்கள்.

அவசரமாகக் குறுக்கிடுவதையும் சொல்ல வேண்டும். ‘தங்கம்’ என்ற சொல்லில் வரும் ‘க’வை, ‘கல்’லில் வரும் ‘க’ போலவே அழுத்தி வாசிப்பான் பையன். வாசித்த கையோடு, கேட்டுப் பழகிய சொல்லாயிற்றே என்று அவனே திருத்திக்கொள்வான். அதற்கு இரண்டு மூன்று நொடி வேண்டும். அந்த நொடிகளைத்தான் நாம் பறித்துக்கொள்கிறோம்.

‘இருக்கிறது’ என்பதை ‘இருக்கு’ என்று வாசித்தால் அதட்டாதீர்கள். பொருள் புரிந்ததால்தான் வீட்டுப் பேச்சு வாயில் வந்தது. ‘கி’யையும் ‘ற’வையும் விரலால் தொட்டுக் காட்டுங்கள்; அதுவே மறுபடி வாசிக்கும்.