பக்கிக்கு உண்டு, காருக்கு இல்லை: சிறு கடைக்காரர்களுக்கு வாட் கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு மசாலாக் கடை என்று வைத்துக்கொள்வோம். வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு உண்டு. மசாலா விற்கும்போது வாடிக்கையாளரிடம் வாங்கும் 15 சதவீதம் சார்ஸுக்கு, அதாவது அரசின் வரித்துறைக்குப் போக வேண்டிய பணம். ஆனால் கடைக்காக வாங்கிய சாமான்களில் நாம் கட்டிய வாட்டை அதில் கழித்துக்கொள்ளலாம். எதைக் கழிக்கலாம் என்பது ரிட்டர்ன் போடும் நாளில் முடிவாவதில்லை; சாமான் வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது.

முதலில் பில். தொகை 5,000 ரேண்டைத் தாண்டினால் உங்கள் பெயர், முகவரி, வாட் எண் மூன்றும் இன்வாய்ஸில் இருக்க வேண்டும். அதற்குள் என்றால் சுருக்கமான பில் போதும். எப்படியானாலும் விற்றவரின் வாட் எண்ணைப் பாருங்கள்: பத்து இலக்கம், 4இல் தொடங்கும். 'இன்வாய்ஸை அப்புறம் அனுப்புகிறோம்' என்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள், கையோடு வாங்குங்கள்.

அடுத்து, வாட்டைப் பிரிப்பது. மொத்த விலையை 115ஆல் வகுத்து 15ஆல் பெருக்குங்கள். அரைக்கும் இயந்திரம் 34,500 ரேண்ட் என்றால் உள்ளே இருக்கும் வாட் 4,500. நேராக 15 சதவீதம் போட்டால் 5,175 வரும், அது தவறு. இயந்திரம் பத்து வருடம் உழைக்கும் என்பதற்காக வாட்டையும் பத்து வருடமாகப் பிரிக்க வேண்டாம், முழுவதையும் ஒரே ரிட்டர்னில் எடுக்கலாம். ஆனால் கடனுக்கு வாங்கி 12 மாதமாகியும் பணம் கட்டாவிட்டால், கட்டாத பங்குக்கான வாட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இனி, பலர் மாட்டிக்கொள்ளும் இடம்: வண்டி. 3,45,000 ரேண்டுக்கு சிங்கிள் கேப் பக்கி (முன்சீட் மட்டும் உள்ள, பின்னால் சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டி) வாங்கி மூட்டை ஏற்றினால் 45,000 கழிக்கலாம். அதே விலைக்குப் பின்சீட்டும் உள்ள டபுள் கேப் எடுத்தால் ஒரு சென்ட்கூடக் கிடையாது. முழுக்கக் கடை வேலைக்கே ஓட்டினாலும் அது சட்டப்படி ஆள் ஏற்றும் கார். வாடகைக்கு எடுத்தாலும் அதே கதை. கடைக்கு ஓடும் காரின் ரிப்பேர், இன்சூரன்ஸ் வாட்டை மட்டும் கழிக்கலாம். பெட்ரோல், டீசலுக்கு வாட் விகிதமே பூஜ்யம். கழிக்க எதுவும் இல்லை. 'பின்சீட்டும் இருந்தால் குடும்பத்துக்கு உதவுமே' என்று வீட்டில் சொல்வார்கள். சரிதான், ஆனால் அந்தப் பின்சீட்டின் விலையையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

வேலையாட்களுக்கு வாங்கும் டீத்தூள், சர்க்கரை, வாடிக்கையாளரை அழைத்துப் போன சாப்பாடு எல்லாம் உபசரிப்புக் கணக்கு, கழிக்க முடியாது. சாப்பாடு விற்பதே தொழில் என்றால் அந்தச் சரக்குக்கு இந்தத் தடை இல்லை. சம்பளத்திலும் வட்டியிலும் வாட்டே கிடையாது. பாங்க் கட்டணத்தில் உண்டு, பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

செல்போன் பாதி கடைக்கு, பாதி வீட்டுக்கா? கடைப் பங்குக்கு மட்டும் எடுங்கள். பில் 1,150 ரேண்ட், அதில் வாட் 150. கடைக்கு 60 சதவீதம் என்றால் 90.

பழைய சாமானில் ஒரு நல்ல வழி இருக்கிறது. வாட் பதிவில்லாத பக்கத்து வீட்டு அண்ணனிடம் பழைய ஃப்ரீசரை 9,200 ரேண்டுக்கு வாங்குகிறீர்கள். அவர் வாட் எதுவும் வாங்கவில்லை. இருந்தாலும் நீங்கள் 1,200 கழிக்கலாம். அவர் தென்னாப்பிரிக்காவில் வசிப்பவராக இருக்க வேண்டும், விலையும் சந்தை விலையை மிஞ்சக் கூடாது. வாட் 264 படிவத்தை நிரப்பி, அவருடைய அடையாள அட்டை நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் தவணையில் கொடுத்தால், கொடுத்த அளவுக்குத்தான் கழிவு.

கடைசியாக ரிட்டர்ன். வாட் 201 படிவத்தில் இயந்திரம், பக்கி, ஃப்ரீசர் போன்ற சொத்துகள் 14ஆம் கட்டத்தில். சரக்கு, மின்சாரம், போன் போன்ற செலவுகள் 15ஆம் கட்டத்தில். பில்களை ஐந்து வருடம் பத்திரப்படுத்துங்கள்.

பிற்பாடு அந்த அரைக்கும் இயந்திரத்தை 11,500 ரேண்டுக்கு விற்றால், அதில் 1,500 சார்ஸுக்கு. டபுள் கேப்பை விற்றால் வாட் கட்ட வேண்டாம், வாங்கியபோது கழிக்க விடவில்லை அல்லவா.